பேசாத கப்பலும் பேசுகிற கப்பலும்

அன்று கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் தங்கை, மழையால் களையெடுக்கப் போகாத அம்மா, கரும்பு வெட்டும் உத்தரவை ஜெராக்ஸ் எடுக்க வந்து, மழை விடட்டும் என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்ட ஒரு டிராக்டர்காரர். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கக் காரணம் இருக்கிறது. அந்த நாளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அம்மா ஆட்களைக் கூட்டிக்கொண்டே போகிறாள். “கட ரொம்ப ஆளு, அத்தினி பேரு முன்னால” என்கிறாள். அத்தனை பேர் இல்லை. நான்கு பேர்தான்.

அன்றுதான் இரண்டாவது ஆட்டத்தை முதல்முதலாகத் திறந்தோம். விண்வெளியில் கப்பல் ஓட்டிச் சண்டை போடும் ஆட்டம். முதல் பாகத்தை நானும் தங்கையும் ஏழெட்டு வருஷமாக ஆடியிருக்கிறோம். இரண்டாவது பாகம் வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய கம்ப்யூட்டரில் அது ஓடாது. சின்னசேலத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவை மூடியபோது அங்கிருந்த கம்ப்யூட்டர் ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கி வந்தோம். பாஸ்போர்ட் போட்டோ வேலைக்கு என்றுதான் அம்மாவிடம் சொன்னோம். ஆட்டம் இறங்குவதற்கே எங்கள் நெட்டில் இரண்டு நாள் ஆனது.

அன்று என்னிடம் இன்னொன்றும் இருந்தது. அது மற்ற மூவருக்கும் தெரியாது. தங்கைக்கு வேலை கிடைத்திருந்தது. கல்வராயன் மலை மேல் உள்ள ஒரு சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன் வேலை. பத்து நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். ஆர்டர் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. நான் சொல்லவில்லை.

எப்படிச் சொல்லாமல் இருக்க முடிந்தது என்று கேட்பீர்கள். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆன்லைனில் விண்ணப்பம் போட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மெயில் கிடையாது. இருந்தாலும் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்காது. அதனால் கடை மெயிலையே போட்டுவிடுவோம். ஊரில் யார் யாருக்கோ வர வேண்டிய ஹால் டிக்கெட்டும் ஆர்டரும் கடைக்குத்தான் வரும். வந்ததும் நான் போன் போட்டுச் சொல்வேன். இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் அரை நாள் தாமதித்ததில்லை. என் சுபாவமே அப்படி. கையில் ஒருவருடைய காகிதம் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. தங்கைக்கு விண்ணப்பம் போட்டதும் நான்தான். அப்போது அவள் சிம்மை மாற்றிக்கொண்டிருந்ததால் போன் நம்பரும் கடை நம்பராகவே போயிற்று. ஊராருக்கெல்லாம் சொன்னவள் அவளுக்கு மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

அதைப் புரியவைக்க வேண்டுமானால் முதல் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். அப்பா போன பிறகு இந்தக் கடையில் சம்பளத்துக்கு உட்கார்ந்தேன். அப்போது இது பிரவுசிங் சென்டர். முதலாளி சேலம் பக்கம் போனபோது தவணை முறையில் நானே எடுத்துக்கொண்டேன். ஒருமுறை கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சரிசெய்ய வந்தவர் போகும்போது, “டெஸ்ட்டுக்கு ஒரு கேம் போட்டேன், இருக்கட்டும்” என்று விட்டுப் போனதுதான் அந்த முதல் ஆட்டம். பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு வரும் தங்கைதான் அதைத் திறந்து பார்த்தாள். நான் திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். வைரஸ் வரும் என்று பயம். கரண்டு பில் ஏறும் என்று பயம். யாராவது பெரியவர்கள் வந்து, இரண்டு பொம்பளைப் பிள்ளைகள் கடையில் விளையாடுகின்றன என்று அம்மாவிடம் சொல்வார்களோ என்றும் பயம்.

அந்த ஆட்டத்தில் முக்கால்வாசி கறுப்புதான். நட்சத்திரம்கூட அதிகம் இருக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். கப்பலின் எஞ்சின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். அதற்கு அடியில், கவனித்தால், ஓட்டுகிறவன் மூச்சு விடுவது கேட்கும். பாட்டு கிடையாது. நம்மோடு வருகிற கப்பல்கள் இரண்டோ மூன்றோ. அவற்றில் இருக்கிறவர்கள் எப்போதாவது ஒரு வார்த்தை பேசுவார்கள். அவர்களில் ஒருவர் செத்துவிட்டால் யாரும் அழ மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். ரேடியோவில் கரகரவென்று ஒரு சத்தம் வந்து நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்துத்தான், ஒரு குரல் கம்மியாகிவிட்டது என்று நமக்கே உறைக்கும்.

திரையின் அடியில் பச்சையாக ஒரு வட்டம். அதுதான் ரேடார். எதிரி வந்தால் அதில் ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். முன்னால் பார்த்து ஓட்டுகிறவளால் கீழே குனிந்து புள்ளியையும் பார்க்க முடியாது. அதனால் நாங்கள் கீபோர்டைப் பங்கு போட்டுக்கொண்டோம். வலது பாதி அவளுக்கு: ஓட்டுவதும் சுடுவதும். இடது பாதி எனக்கு: கப்பலைச் சுற்றியுள்ள தடுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றுவது, ரேடாரைப் பெரிதாக்குவது, சிறிதாக்குவது. அதைவிட முக்கியமாக, பார்த்ததைச் சொல்வது.

“பின்னால ஒண்ணு.”

“எவ்ளோ தூரம்?”

“தூரத்துல. இல்ல, கிட்ட வந்துக்கினு கீது. திரும்பு, திரும்பு.”

“எந்தப் பக்கம் திரும்புறது? வாய தொறந்து சொல்லுக்கா.”

“சோத்துக் கைப் பக்கம்.”

அந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் அதை இருவர் ஆடுவதற்காகச் செய்யவில்லை. ஒருவர் தனியாக உட்கார்ந்து, திகிலோடு ஆட வேண்டியது. எங்களுக்கு அது தெரியாது. பாதிப் பாதியாகத்தான் ஆட முடியும் என்று நினைத்திருந்தோம். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். போருக்கு முன்னால் வருகிற விளக்கத்தை அவள் படித்துத் தமிழில் சொல்வாள். சொல்லும்போது கொஞ்சம் சேர்த்துச் சொல்வாள் என்று பிற்பாடுதான் தெரிந்தது. “அந்தக் கப்பல்ல மூணு மாசக் கொழந்த ஒண்ணு கீதுக்கா, காப்பாத்தியே ஆவணும்” என்றிருக்கிறாள். அப்படி ஒரு குழந்தையே அதில் இல்லை.

பயப்படுவதற்கு நான் யாரிடமும் நல்ல பெயர் வாங்கியதில்லை. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள், பஸ் கால் மணி தாமதமானால் ஆஸ்பத்திரி வரை மனதால் போய் வருகிறவள் என்றால் வீட்டில் கேலிதான். அந்த ஆட்டத்தில் மட்டும் என் பயம் வேலைக்கு ஆனது. வட்டத்தில் தூசி மாதிரி ஒன்று தெரிந்தாலும் எனக்குக் கண்ணில் பட்டுவிடும். மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு மணிவரை கடையில் கூட்டம் இருக்காது. அந்த இரண்டு மணி நேரம் நான் உபயோகமான ஆள்.

அதில் மூடுபனி ஸ்டேஜ் ஒன்று உண்டு. நீலமும் பழுப்பும் கலந்த ஒரு மேகத்துக்குள் கப்பல் போக வேண்டும். எதிரே கை நீட்டினால் கை தெரியாது என்கிற மாதிரி. ரேடார் உதறும், புள்ளி வரும், போகும், இல்லாததும் தெரியும். எங்கேயோ மின்னல் வெட்டும். ஒருமுறை எங்களுக்கு மேலே ஏதோ பெரிதாக ஒன்று போயிற்று. அதன் அடிவயிறு மட்டும் தெரிந்தது. அது முழுதாகக் கடந்து போக இருபது எண்ணும் நேரம் ஆனது. அது எங்களைக் கவனிக்கவே இல்லை. சுட்டிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அந்த ஸ்டேஜில்தான் ஒரு தரம் நான் தப்பு செய்தேன். ஒரு புள்ளி தெரிந்தது. நம் கப்பலாக இருக்குமோ, எதிரியாக இருக்குமோ என்று சந்தேகம். அநியாயமாகக் கத்தி அவளைத் திருப்பிவிடுவேனோ என்று சும்மா இருந்துவிட்டேன். எதிரிதான். நாற்பது நிமிஷம் ஆடியது போயிற்று. அந்த ஆட்டத்தில் செத்தால் முதலிலிருந்துதான். தங்கை என்னைப் பார்த்தாள். அப்போது அவள் பிளஸ் டூ.

“பாத்தியா இல்லியா?”

“பாத்தேன். நம்மளுதோன்னு...”

“சந்தேகம்னாலும் சொல்லு. தப்பாப் போனா நான் திட்டிக்கிறேன். பாத்துட்டு சொல்லாம மட்டும் வெச்சிக்காத.”

அதற்குப் பிறகு அதுவே எங்களுக்கு விதியானது. ஆட்டத்துக்கு வெளியிலும்தான். “பாத்தா சொல்லணும்” என்றால் எங்கள் வீட்டில் அர்த்தம் புரியும். அம்மா சர்க்கரை மாத்திரையை விட்டால் அவள் என்னிடம் சொல்வாள். தவணைக்காரர் தெருமுனையில் நின்றால் நான் அவளிடம் சொல்வேன்.

மூடுபனி ஸ்டேஜை நான் வெளியிலும் ஒரு முறை பார்த்தேன். மார்கழியில் ஒரு காலை, அதே கல்வராயன் மலை மேல் இருக்கிற வெள்ளிமலையில் விண்ணப்பம் பூர்த்தி செய்யும் முகாமுக்கு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். பாதி மலையில் வெள்ளையாகிவிட்டது. முன் கண்ணாடி ஒரு வெள்ளை வேட்டி. டிரைவர் பக்கத்து ஜன்னலில் தலையை வெளியே நீட்டி ஓட்டினார். கண்டக்டர் இறங்கி, ரோட்டோரக் கல்லைத் தொட்டுக்கொண்டே முன்னால் நடந்தார்.

“வா வா வா. லெப்ட் கம்மி பண்ணு. அங்க ஒண்ணியும் இல்ல, பள்ளம்.”

நான் ஒவ்வொரு சாமியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தங்கை என் காதில், “யக்கா, நம்ம ஸ்டேஜுதான். அந்தக் கண்டக்டரு நீ” என்றாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அன்றிலிருந்து அந்த ரோடு மனதில் நின்றுவிட்டது. வளைவு எண்கூடச் சொல்வேன்.

அதனால்தான் ஆர்டரில் மலை என்று பார்த்ததும் மெயிலை மூடினேன். அழிக்கவில்லை. படிக்காத மாதிரி மறுபடி தடித்த எழுத்தாக்கி வைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். மூன்றாம் நாள் ஆட்டம் இறங்கி முடிந்தது, மழையும் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது ஆட்டம் திறந்ததும் கடைச் சுவரெல்லாம் வெளிச்சமானது. அதைப் பொய்யாகக் குறை சொல்ல மாட்டேன். அழகுதான். மேகம் ரோஜா நிறத்தில், அதன் ஓரத்தில் தங்கச் சரிகை. பக்கத்தில் ஒரு கிரகம், அதன் மேல் சூறாவளி சுழல்வதுகூடத் தெரிந்தது. கப்பல்கள் நூறு இருக்கும். கல்யாண ஊர்வலம்போல் பின்னணியில் இசை நிற்கவே இல்லை.

“இன்னாமா இது, கல்யாண வூட்டு சீரியல் செட்டு மாதிரி கீது” என்றார் டிராக்டர்காரர், ஸ்டூலை முன்னுக்கு இழுத்துக்கொண்டு.

“சண்டதாண்ணா. இனிமேதான் ஆரம்பிக்கும்” என்றாள் தங்கை.

“இவ்ளோ லைட்டு போட்டுக்கினா சண்டைக்குப் போவாங்க? தூரத்துலயே சுட்டுட மாட்டான்?”

அம்மா, “போட்டோ புடிக்கிற மிசினுன்னு சொன்னீங்களேடி” என்றாள். தங்கை இசையின் சத்தத்தைக் கூட்டினாள்.

நான் வழக்கம்போல இடது பாதியில் கை வைத்தேன். சண்டை தொடங்கியது. என் கண் ரேடாரைத் தேடியது. அந்தப் பச்சை வட்டத்தைக் காணோம். அதற்குப் பதிலாக எதிரி எந்தப் பக்கம் இருந்தாலும் திரையின் அந்த ஓரத்தில் சிவப்பு அம்பு காட்டியது. நான் வாயைத் திறப்பதற்குள் கப்பலே ஒரு பெண் குரலில் இங்கிலீஷில் சொன்னது: பின்னால் எதிரி. இடது பக்கம் ஏவுகணை. தடுப்பு குறைகிறது. தடுப்பைத் தானே மாற்றிக்கொண்டது. கூட வருகிறவர்களும் சும்மா இல்லை. மூலையில் ஒவ்வொருத்தன் முகமும் வந்து பேசியது, ஜோக்கடித்தது, நன்றாகச் சுட்டாய் என்று பாராட்டியது. முன்பு போல நிறுத்திப் படித்துச் சொல்லத் தங்கைக்கு நேரமில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் ஐந்து விரலும் ஐந்து பட்டன் மேல் இருந்தன. எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை.

“எங்கூட்டு புது டிராக்டரும் இப்டிதான்” என்றார் டிராக்டர்காரர். “ரிவர்ஸ் எடுத்தா அதுவே கத்துது. முன்னெல்லாம் பின்னால ஒரு ஆளு நின்னு சொல்லணும். மூங்கில்துறைப்பட்டு சக்கர மில்லு வாசல்ல லைன்ல நிக்கிறப்போ கேக்கணும் நீங்க, அத்தினி வண்டியும் கத்தும்.”

“நல்லதுதானண்ணா” என்றாள் தங்கை, திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

“இன்னா நல்லது? செவுத்துக்கும் கத்துது, கோழிக்கும் கத்துது. எதுக்கு நிறுத்துறது, எதுக்கு வுடறதுன்னு நம்பளுக்குத் தெரிய மாட்டேங்குது.”

தங்கை சிரித்தாள். “எங்க அக்காவும் அப்டிதான். கோழிக்கும் கத்தும்.”

அம்மாவும் சிரித்தாள். அந்த நேரம் கப்பல் மறுபடி ஏதோ எச்சரித்தது. தங்கை திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: “ஆனா ஒண்ணுக்கா. இதுவும் உன்ன மாதிரிதான். எதயும் வெச்சிக்கறதில்ல. பாத்த ஒடனே சொல்லிடுது.”

கேலிக்குத்தான் சொன்னாள், பிரியமாகத்தான் சொன்னாள்.

“ஆர்டர் வந்துகீது” என்றேன்.

“எந்த ஆர்டரு?”

“உன்னுது. மலையில. மூணு நாளாச்சு.”

அவள் நிறுத்தும் பட்டனை அழுத்தவில்லை. கையை மட்டும் எடுத்துவிட்டாள். கப்பல் நேராகப் போய் எதன் மேலோ மோதியது. அந்தப் பெண் குரல் யாரும் கேட்காத இடத்தில் எச்சரித்துக்கொண்டே இருந்தது. பெரிதாக வெடித்தது. உடனே, இருபது நொடிக்கு முன்னால் இருந்த இடத்தில், கப்பல் ஒரு கீறலும் இல்லாமல் வந்து நின்றது. இந்த ஆட்டத்தில் செத்தால் அப்படித்தான், கொஞ்சம் முன்னாலிருந்து தொடரலாம். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாதான் முதலில் பேசினாள். “வேல வந்துட்ச்சா? கவர்மெண்டு வேலையா?” என்று முகமெல்லாம் மலர்ந்து எழுந்தாள். அதன் பிறகுதான் மூன்று நாள் என்பது அவளுக்கு ஏறியது. “மூணு நாளாவா? இன்னாடி செஞ்சி வெச்ச நீ?”

டிராக்டர்காரர் வெளியே பார்த்தார். “மழ வுட்டுட்ச்சு போலகீது” என்றார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அதில் இறங்கி நடந்தார்.

நான் மெயிலைத் திறந்து காட்டினேன். தங்கை இரண்டு முறை படித்தாள்.

“எத்தினி நாளு குடுத்துகீறாங்க?”

“பத்து. இன்னும் ஏழு கீது.”

“சந்தேகம்னாலும் சொல்லுன்னு உனக்குச் சொல்லிகீறேன். இதுல உனக்கு இன்னா சந்தேகம்?”

“சந்தேகம் இல்ல. ரோடு. நீதான் பாத்தியே அன்னிக்கி.”

“ரோட்டுக்குப் பயந்தியா, இல்ல கடைல ஒண்டியா உக்காரணுமேன்னு பயந்தியா?”

அப்படிக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ரோட்டுக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். அது பொய் இல்லை. ஆனால் மூன்று நாளும் அந்த மெயிலைப் பார்க்கும்போது என் மனதில் வந்தது பள்ளம் மட்டும் இல்லை. மத்தியானம் இரண்டு மணியும், பக்கத்தில் காலியாக இருக்கிற நாற்காலியும் வந்தன.

“நான் அங்கியே தங்கி லீவுல வந்துட்டுப் போறேன்னுதான அப்ளை பண்ணேன். நீதான பண்ணிக் குடுத்த” என்றாள். பிறகு, “ஏழு நாளு போதும். பத்து நாளும் போயிருந்தா ஆர்டரே போயிருக்கும்” என்று சொல்லிவிட்டு பிரிண்ட் கொடுத்தாள். அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நான் மறைத்த நாளுக்குச் சரியாக மூன்று. எண்ணித்தான் செய்தாள் என்று நினைக்கிறேன்.

சேருகிற அன்று நானும் கூடப் போனேன். ஒரு பொட்டுப் பனி இல்லை. வளைவுக்கு வளைவு வெயில், கீழே சாமைக் கொல்லைகள் பளிச்சென்று தெரிந்தன. பயப்பட ஒன்றுமே இல்லாத ரோட்டில் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சுகாதார நிலையத்தில் மலைக்காரக் குடும்பங்கள் காலையிலேயே வந்து வரிசையில் நின்றன. பக்கத்தில் ஒரு நர்ஸ் அக்காவோடு அவளுக்கு ரூம். நான் தாழ்ப்பாளை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

இப்போது இரண்டாவது ஆட்டத்தை நான்தான் ஆடுகிறேன். அதே இரண்டு மணி, அதே நாற்காலி. கீபோர்டு முழுதும் எனக்கே. முதலில் கோபமாகத்தான் ஆடினேன். என் வேலையைப் பிடுங்கிக்கொண்ட அந்தப் பெண் குரலை மியூட்டில் போட்டுவிட்டு ஆடிப் பார்த்தேன். இரண்டு நிமிஷத்தில் கப்பல் போயிற்று. ஓட்டவும் வேண்டும், பார்க்கவும் வேண்டும், சொல்லவும் ஆள் இல்லை. மறுபடி குரலைப் போட்டேன். அப்போதுதான் ஒன்று புரிந்தது. இந்த ஆட்டம் இவ்வளவு பேசுவதும், இவ்வளவு பேரைக் கூட அனுப்புவதும், செத்தவளை உடனே எழுப்பிவிடுவதும், பக்கத்தில் யாரும் இல்லாமல் உட்கார்ந்திருப்பவளுக்காகத்தான். முதல் ஆட்டம் அதைச் செய்யவில்லை. நீ தனியாக இருக்கிறாய் என்று அது நேராகச் சொல்லிவிட்டது. அதனால்தானோ என்னவோ, நாங்கள் இருவராக உட்கார்ந்தோம்.

எது நல்லது என்று என்னைக் கேட்டால் இன்னும் முதலாவதுதான் என்பேன். அந்தக் கறுப்பு, அந்த மூச்சுச் சத்தம், அடிவயிறு மட்டும் தெரிந்த அந்தப் பெரிய கப்பல் இதில் கிடையாது. இதில் எதையும் முழுசாகக் காட்டிவிடுகிறார்கள். பார்த்ததும் பெயரும் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் சும்மா கிடக்கிற மத்தியானத்தில் ரோஜா நிற மேகத்துக்குள் போகும்போது, அந்தக் குரல் “பின்னால்” என்று சொன்னால், என்னையறியாமல் “பாத்துட்டேன்” என்று பதில் சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கைகள் எல்லாம் இப்போது எனக்குப் புரிகின்றன. மொத்தம் பதினான்கு வாக்கியம்தான். திரும்பத் திரும்ப அவற்றையே சொல்கிறது.

தங்கை முதல் ஆட்டத்தை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போனாள். அங்கே பழைய லேப்டாப்பில் ஓடுகிறதாம். மூடுபனி ஸ்டேஜைத் தாண்ட முடியாமல் நிற்கிறாள். “எடது கை பத்த மாட்டேங்குதுக்கா” என்கிறாள். தினமும் காலையில் டவர் கிடைக்கிற மேட்டில் நின்று எனக்குப் போன் செய்கிறாள். அவள் சொல்வது பெரும்பாலும் நான் பயப்படுகிற செய்தியாகவே இருக்கும்.

“இன்னிக்கி பனி ஜாஸ்தி. கீழேந்து வர பஸ்ஸு ஒரு மணி நேரமா வழில நிக்கிதாம்.”

“இத எதுக்குடி எங்கிட்ட சொல்ற? எனக்கு இன்னிக்கி முழுக்க வேல ஓடாது.”

“பாத்தா சொல்லணும் இல்ல?”

அந்த பஸ் மேலே வந்து சேர்ந்ததும் அவள் மறுபடி ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அதுவரை அந்த ரோட்டில் வளைவு வளைவாக நானும் ஏறிக்கொண்டிருப்பேன்.

போன ஞாயிறு வந்திருந்தாள். எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் பாதிப் பாதி. மிக்ஸியும் அப்படி, பேனும் அப்படி. முதல் ஆட்டம் ஓசியில் வந்தது, இரண்டாவதையாவது காசு கொடுத்து வாங்கலாம் என்று அவள்தான் சொன்னாள். தள்ளுபடியில் ஆயிரத்து நூறு ரூபாய். அவள் போனிலிருந்து கட்டினாள். நான் கையில் இருந்த இருநூறை அன்றே கொடுத்தேன். பிறகு பார்த்தால் எனக்கு அதில் வேலையே இல்லை. வேலை இல்லாத ஆட்டத்துக்கு எதற்குப் பாதி என்று மீதியைத் தரவில்லை. இப்போது பேச்சு மாறிவிட்டது.

“ஒண்டியா ஆடறது நீ. முழுசும் நீயே குடு” என்றாள்.

“பாதிதான்.”

“அப்ப பாதிய எப்ப குடுப்ப?”

“அடுத்த வாட்டி வரச்சொல்ல.”

“போன வாட்டியும் இதான் சொன்ன.”

அவள் சொன்னது சரிதான். கல்லாவில் காசு இருந்தது, அவளுக்கும் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பையைத் தூக்கிக்கொண்டாள். நான் அவளுக்குத் தர வேண்டியது இன்னும் முந்நூற்றைம்பது ரூபாய்.